சொந்த மேளம் இருக்கும்போது ஜப்பானியர் ஏன் ஜெம்பே அடிக்கிறார்கள்?

கப்பல் கரை சேரும்போது துறைமுகத்தில் ஜப்பானியப் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக நின்று ஜெம்பே என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கை மேளம் அடித்து வரவேற்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: "இவர்களுக்குத்தான் தாய்கோ என்று உலகப் புகழ் பெற்ற மேளம் இருக்கிறதே, பிறகு எதற்கு இது? பொழுதுபோக்கா, பைத்தியமா, வெறும் நகலா?" கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பிறப்பால் வராத ஓர் இசைக்கு ஒருவர் இருபது வருடம் கொடுத்தால், அது அவருடையது ஆகுமா ஆகாதா என்பதுதான் அது.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்ய வசதியாக இருக்கும். சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம். பிறகு வேலைக்காக ஜப்பானில் கவாசாகி பக்கம் ஒன்பது வருடம். அங்கே ஒரு சமூகக் கூடத்தில் வாரம் ஒரு நாள் நடந்த ஜெம்பே வகுப்பில், சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன், ஊரை விட்டுக் கிளம்பும் வரை விடவில்லை. அந்தக் குழுவோடு ஒரு முறை மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கினி நாட்டுத் தலைநகர் கொனாக்ரியில் ஐந்து வாரம் தங்கிக் கற்றிருக்கிறேன். ஆகவே மேளத்தைப் பற்றி நான் சொல்வது கையால் அறிந்தது. நடனத்தைப் பற்றிச் சொல்வதை, மேளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த ஒருவனின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆடத் தெரியாது.

முதலில் அந்த வீடியோ. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது ககோஷிமா மாவட்டத்தின் மிஷிமா கிராமம். 'மிஷிமா' என்றால் மூன்று தீவுகள் என்று பொருள். தகேஷிமா, இயோஜிமா, குரோஷிமா மூன்றும் சேர்ந்துதான் ஒரு கிராமம். மொத்தம் ஏறத்தாழ 400 பேர். கிராம அலுவலகம் கிராமத்திலேயே கிடையாது, கடலுக்கு இந்தப் பக்கம் ககோஷிமா நகரத்தில் இருக்கிறது. இதைக் கேட்டு நான் சிரித்தபோது உடனிருந்தவர், மூன்று தீவுக்காரர்களும் சண்டையில்லாமல் வந்து சேரக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்றார். மேளச் சத்தம் கேட்பது நடுவில் இருக்கும் இயோஜிமாவில். கப்பலில் ஏறக்குறைய 4 மணி நேரம். 700 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள எரிமலை ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும். அடியிலிருந்து ஊறும் இரும்புச் சத்தால் துறைமுகத்துக் கடல் செங்காவி நிறத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் வரும் இவோஜிமா இது இல்லை. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, 'கந்தகத் தீவு' என்று பொருள். அந்தப் போர்த் தீவின் பெயரை 'இயோதோ' என்று வாசிக்க வேண்டும் என்று ஜப்பான் அரசே 2007-இல் மாற்றிவிட்டது.

இந்தத் தீவுக்கு 1994-இல் மமாதி கேய்தா வந்தார். ஜெம்பே உலகத்தில் அந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை, ஆனாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். 1950-இல் கினியின் வடகிழக்கே, மாலி எல்லைக்குப் பக்கத்தில், பலந்துகு என்ற ஊரில் பிறந்தவர். பதினான்கு வயதில் அரசாங்கத்தின் ஜோலிபா தேசிய நடனக் குழுவுக்குத் தேர்வானார். 1986-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானுக்கும், 1988-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் குடிபெயர்ந்தார். 1991-இல் 'தம் தம் மந்தேங்' என்ற பள்ளியைத் தொடங்கினார். அதன் கிளைகள் பிறகு பல நாடுகளில் முளைத்தன, ஜப்பானிலும். 2021-இல் காலமானார். இயோஜிமாவில் அவர் தீவுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தார், போனார், பிறகும் பல முறை வந்தார். 2004-இல் தீவில் ஜெம்பே பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் ஜெம்பே பள்ளி என்று கிராமமே சொல்லிக்கொள்கிறது. வெளியூர் இளைஞர்கள் அரை வருடம் தீவில் தங்கிக் கற்கும் திட்டமும் நடந்துவருகிறது. கற்க வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. ஆள் குறைந்துகொண்டே போகும் தீவு அது. மேளம் அவர்களுக்கு ஊரைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று. வீடியோவில் நீங்கள் பார்த்ததற்கு நேரடிப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் இதே தீவில் சொந்த மேளம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நாட்காட்டியின் எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஆண்கள் மேளத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வட்டமாக ஆடுவார்கள். நடுவில் 'மெந்தோன்' என்று ஓர் உருவம் பாய்ந்து வரும்: வைக்கோல் உடம்பு, பெரிய காதுகளோடு சிவப்பு-கறுப்புக் கட்டம் போட்ட முகமூடி. கையிலிருக்கும் இலைக் கொத்தால் எல்லாரையும் விளாசும். கெட்டது கழியும் என்று நம்பிக்கை. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜப்பானிய முகமூடிச் சடங்குகளில் இதுவும் ஒன்று. முகமூடியும் மேளமும் வட்ட ஆட்டமும் கினியின் காட்டுப் பகுதிக்காரர் ஒருவர் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாதவை. இரண்டுக்கும் பழைய தொடர்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒன்றும் கிடையாது. சொந்த மேளம் இல்லாத குறைக்கு அவர்கள் இதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜெம்பே எப்படிக் கிராமத்தை விட்டு வெளியே வந்தது என்று தெரியாமல் ஜப்பானியர் கதை புரியாது. ஃபொதேபா கேய்தா என்ற கினிக்காரர் 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் ஒரு ஆப்பிரிக்க நடனக் குழுவை உருவாக்கினார். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சமயத்துக்கு, அறுவடைக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைகளின் விருத்தசேதனத்துக்கு என்று தனித்தனியாக அடிக்கப்பட்டவற்றை ஒன்றாகக் கோத்து, சுருக்கி, வேகப்படுத்தி, ஒன்றரை மணி நேர மேடை நிகழ்ச்சியாக்கினார். 1958 அக்டோபர் 2-இல் கினி சுதந்திரம் பெற்றபோது அதிபர் செக்கு தூரே இந்தக் குழுவைத் தேசியக் குழுவாக்கினார். பிறகு ஜோலிபா குழு வந்தது. ஊர் ஊராகப் போட்டி வைத்து ஆள் எடுத்தார்கள், ராணுவக் கட்டுப்பாட்டோடு பயிற்சி கொடுத்தார்கள், உலகம் சுற்ற அனுப்பினார்கள். அதே அரசு முகமூடிச் சடங்குகளைத் தடைசெய்து, புனிதக் காடுகளுக்குள் புகுந்ததும் நடந்தது. ஃபொதேபா கேய்தாவே 1969-இல் அரசாங்கச் சிறையில் கொல்லப்பட்டார். மேடையில் கொண்டாடப்பட்டதும் ஊரில் ஒடுக்கப்பட்டதும் ஒரே பண்பாடு. 1984-இல் தூரே இறந்தார். அரசு ஆதரவு வற்றியது. பெரிய கலைஞர்கள் வயிற்றுப் பிழைப்புக்கு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று கிளம்பினார்கள். வெளிநாட்டு மாணவன் கையில் ஜெம்பே வந்து சேர்ந்த வழி இது.

ஜப்பானிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. நீங்கள் 'தாய்கோ' என்று சொல்வது, பத்துப் பதினைந்து பேர் விதவிதமான மேளங்களோடு மேடையில் சேர்ந்து அடிப்பதை. மேளம் பழையது, அந்தச் சேர்ந்து அடிக்கும் முறை புதியது. 1951-இல் சுவா என்ற ஊரைச் சேர்ந்த ஓகுச்சி தைஹாச்சி என்ற ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர், கோயில் மேளத்துக்கான பழைய குறிப்பு ஒன்றைப் பிரித்துப் பல மேளங்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததில் தொடங்கியது அது. 1969-இல் சாதோ தீவில் ஒண்டேகோசா என்ற குழு, அதிலிருந்து பிரிந்து 1981-இல் பெர்லினில் அரங்கேறிய கோதோ குழு என்று வளர்ந்தது. ஆக, 'பல்லாயிரம் வருடப் பழமை' என்று நாம் இரண்டு பக்கமும் கற்பனை செய்யும் மேடை மேளங்கள் இரண்டும் பிறந்தது ஒரே பத்தாண்டில். ஊர்ச் சடங்கிலிருந்து பிரிக்கப்பட்டு, குழுவாகப் பயின்று, மேடைக்கென்று வடிவம் பெற்ற இசை என்றால் என்ன என்று ஜப்பானியருக்கு ஏற்கெனவே தெரியும். கொனாக்ரிக்காரர் கொண்டுவந்தது அவர்களுக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கட்சி. இது என் கருத்துதான், யாரும் அளந்து நிறுவியது இல்லை.

காலமும் கைகொடுத்தது. 1988 செப்டம்பரில் டோக்கியோ டோமில் மனித உரிமைகளுக்கான பெரிய இசைச் சுற்றுப்பயணம் வந்து இறங்கியபோது செனகலின் யூசு என்தூர் அந்த மேடையில் பாடினார். அடுத்த ஆண்டு ஜப்பானிய இசையமைப்பாளர் சகமோதோ ரியூச்சியின் 'பியூட்டி' தொகுப்பில் அவர் குரல் ஒலித்தது. யென் வலுவாக இருந்தது, பயணம் கட்டுப்படியானது. 1965-இல் தொடங்கிய ஜப்பானிய அரசின் இளைஞர் தொண்டர் திட்டத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கிணறு வெட்டவும் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் உதவியவர்கள் மாலையில் மேளமும் கற்றுத் திரும்பினார்கள். என் வகுப்பில் இருந்த மூத்த மாணவி ஒருவர் அப்படித்தான் வந்தவர்.

பித்து என்று நீங்கள் சொல்வது எப்படி இருக்கும் என்றால் இப்படி இருக்கும். ஜப்பானில் அடுக்குமாடி வீட்டில் மேளம் அடித்தால் பத்து நிமிடத்தில் போலீஸ் வந்துவிடும். அதனால் தாமா ஆற்றங்கரையில் ரயில் பாலத்துக்குக் கீழே போய் அடிப்போம். மேலே ரயில் போகும்போது நம் சத்தம் யாருக்கும் கேட்காது, ரயில் போன பிறகு நம் தவறு எல்லாருக்கும் கேட்கும். ஜூன் மாத மழைக்காலத்தில் ஆட்டுத் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று ஆகிவிடும். கயிற்றை இழுத்துப் பின்னி இறுக்க வேண்டும், அதுவே அரை நாள் வேலை. இதையெல்லாம் ஐம்பது வயதுப் பல் மருத்துவமனை ஊழியரும், பள்ளி ஆசிரியையும், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரும் முணுமுணுக்காமல் செய்தார்கள். ஒரு வகுப்புக்கு 2,500 யென் கட்டினேன். அதில் யாரும் பணக்காரர் ஆகவில்லை.

அவர்கள் கற்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நகல்' என்ற உங்கள் சொல்லுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஜெம்பேயில் அடிப்படையாக மூன்று ஒலிகள்: நடுவில் உள்ளங்கையால் அடிக்கும் கும்மென்ற ஒலி, ஓரத்தில் விரல் சேர்த்து அடிக்கும் திறந்த ஒலி, அதே ஓரத்தில் விரல் விரித்து வெட்டும் கூர்மையான ஒலி. மிருதங்கம் தெரிந்தவர்கள் மூன்றாவதைச் சாப்பு என்று நினைத்துக்கொள்ளலாம், ஏறக்குறையத்தான். கூடவே குச்சியால் அடிக்கும் மூன்று துந்துன் மேளங்கள்: சிறியது கென்கெனி, நடுவானது சங்பான், பெரியது துந்துன்பா. வெளியாட்கள் ஜெம்பேயைத்தான் பார்ப்பார்கள். இசையின் முதுகெலும்பு சங்பான். எந்த ஆட்டம் என்பதை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள். ஜப்பானிய மாணவர்கள் இவற்றை வாயால் சொல்லிப் பழகுவார்கள், நாம் சொற்கட்டுச் சொல்வது மாதிரி. தாய்கோவிலும் அந்த வழக்கம் உண்டு. கத்தகானா எழுத்தில் குறித்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஒரே நான்கு அட்சரத்தை நாற்பது நிமிடம் அடிப்பார்கள். பத்து நிமிடத்தில் எனக்குச் சலித்தது. அவர்களுக்குச் சலிக்கவில்லை. முதலில் வடிவத்தை அப்படியே வாங்கு, கேள்வி பிறகு கேள் என்பது அங்கே தேநீர்ச் சடங்கிலிருந்து வாள்வீச்சு வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் பாடமுறை. அந்த முறையில் நகலெடுத்தல் இழிவல்ல, முதல் படி.

ஆனால் இந்த முறையால் எட்ட முடியாத ஓர் இடமும் இருக்கிறது. கட்டத்தாளில் புள்ளிகள் சம தூரத்தில் இருக்கும். மாலி, கினி வாசிப்பில் அவை சம தூரத்தில் இருப்பதில்லை. ஓர் அட்சரத்துக்குள் இருக்கும் மூன்று தட்டுகளில் ஒன்று கொஞ்சம் குட்டை, இன்னொன்று கொஞ்சம் நெட்டை. எந்த ஆட்டத்துக்கு எது குட்டை என்பதும் மாறும். இது கை தவறி நடப்பதில்லை, ஒவ்வொரு முறையும் அதே அளவில் வரும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் ரெய்னர் போலாக், மாலியின் தலைநகர் பாமாக்கோவின் வாசிப்புகளைப் பதிவுசெய்து அளந்து காட்டியிருக்கிறார். திஸ்ர நடை என்று நினைத்து உள்ளே போன எனக்கு இதுதான் பெரிய அடி. என் வாசிப்பைக் கேட்ட கொனாக்ரி ஆசிரியர் சொன்னது: "எல்லாம் சரியாக இருக்கிறது, அதனால் யாரும் ஆடவில்லை." உண்மையிலேயே யாரும் ஆடவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒரு ஜப்பானியப் பெண் அடித்தபோது தெருவில் போன பாட்டி ஒருவர் நின்று இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போனார். அந்தப் பெண் பதினான்கு வருடமாக ஆண்டுக்கு இரண்டு மாதம் அங்கே போய் வருபவர். கட்டத்தாளை எந்த வருடம் தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்டேன். தூக்கிப் போடவில்லை, இப்போதும் வைத்திருக்கிறேன், பார்ப்பதில்லை என்றார்.

நடனத்துக்கு வந்தால், மேளக்காரன் நடனக்காரரைப் பின்தொடர வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். மேடை நடனத்தில் இது தலைகீழ்: மேளத்திலிருந்து 'அழைப்பு' என்று ஒரு வரி வரும், அது கேட்டதும் ஆடுபவர்கள் அடவை மாற்றுவார்கள். தீர்மானம் வந்ததும் அடுத்ததற்குப் போவது போல. ஜப்பானில் நடக்கும் வகுப்புகள் இந்த இரண்டாவது முறையில்தான் நடக்கின்றன. நான் பார்த்தவற்றில் ஆடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூட்டாக, ஒரே சீராக, ஒரே நேரத்தில் கை தூக்குவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. கொனாக்ரித் தெருவில், மேளத்தின் பெயரிலேயே வழங்கும் துந்துன்பா ஆட்டக் கொண்டாட்டம் நடக்கும்போது வட்டத்துக்குள் ஒவ்வொருவராகப் பாய வேண்டும், உங்களுக்குக் கிடைப்பது இருபது விநாடி, அதற்குள் மேளத்தோடு பேசிவிட்டு வெளியே வர வேண்டும். செனகலின் சபார் இன்னும் கடினம். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை என்று அடிக்கும் மேளம் அது. டாக்கர் தெருக்களில் இரவில் நாற்காலி போட்டு நடத்துவார்கள். ஆடுபவர் எம்பிக் குதிக்கும் கணத்தில், அவர் கால் தரையில் படும் இடத்தில், மேளத்தின் அடி விழ வேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள முடியாது. ஜப்பானியப் பெண்கள் பலர் இதற்காகவே டாக்கருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வட்டத்துக்குள் நுழையத் தயங்கி ஓரத்திலேயே நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், நுழைந்து கூட்டத்தையே கத்த வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 'ஜப்பானியர் ஒழுங்கானவர்கள், ஆனால் உணர்ச்சி இல்லாதவர்கள்' என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்.

பிறப்பு விஷயம். கினி, மாலி பக்கத்து மந்தே சமூகங்களில் ஜெலி என்று பிறப்பால் வரும் புகழ்பாடிகள் உண்டு. கூயாதே, ஜபாதே போன்ற குடும்பப் பெயர்களே அதைச் சொல்லிவிடும். கோரா, ங்கோனி என்ற நரம்புக் கருவிகளும், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பலாஃபோனும் அவர்கள் கையில் இருப்பவை. ஜெம்பே அந்தக் கணக்கில் வராது. கொல்லர் குடிகளோடு அதை இணைத்துப் பேசுவார்கள் என்றாலும், யார் நன்றாக அடிக்கிறாரோ அவர் அடிக்கலாம் என்பதே நடைமுறை. கேய்தா என்பதே அரச வம்சப் பெயர், புகழ்பாடிப் பெயர் அல்ல. வெளிநாட்டவருக்கு ஜெம்பே கதவு எளிதில் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கோரா கற்கும் ஜப்பானியரும் இருக்கிறார்கள். அங்கே நிலைமை வேறு: விரல் வேலையைக் கற்கலாம், ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களைச் சொல்லிப் புகழ்ந்து பரிசு வாங்கும் உரிமையைக் கற்க முடியாது. பெண்கள் ஜெம்பே அடிப்பது ஊர் வழக்கத்தில் இல்லை. ஆனால் 1990களின் இறுதியில் கினியிலேயே முழுக்கப் பெண்களைக் கொண்ட மேளக் குழு ஒன்று உருவாகி உலகம் சுற்றியது. ஆகவே ஜப்பானியப் பெண் அடிப்பதை மரபு மீறல் என்று கொனாக்ரியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதையொட்டி அடிக்கடி குழப்பப்படும் ஒருவரைப் பற்றி: ஆன்யாங்கோ என்ற ஜப்பானியப் பெண் கலைஞர், பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த நியாதிதி நரம்புக் கருவியைக் கற்றவர். ஆனால் அது கென்யாவில், லுவோ மக்களிடம். ஆப்பிரிக்காவின் அந்தக் கோடி.

படிப்புப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஈடுபாட்டுக்கு ஜப்பானில் ஆழமான அறிவு அடித்தளம் உண்டு. மானுடவியலாளர் கவாதா ஜுன்சோ, இன்றைய புர்கினா ஃபாசோவில் மோசி மக்களிடையே பல ஆண்டுகள் தங்கி, எழுத்தில்லாத சமூகம் தன் அரச வரலாற்றை மேளத்தின் ஒலியிலேயே எப்படிச் சேமித்து வைக்கிறது என்று ஆராய்ந்தார். எழுத்தில்லாச் சமூகத்தின் வரலாறு பற்றிய அவருடைய நூல் 1976-இல் வந்தது. மேளக்காரர் அடிக்கிறார், அடியே வாக்கியம், வாக்கியமே வம்சாவளி. 2021-இல் அவருக்கு நாட்டின் உயரிய பண்பாட்டு விருது கிடைத்தது, 2024-இல் மறைந்தார். இன்னொருவர் சுசுகி ஹிரோயுகி. அபிஜானில் ஆய்வுக்குப் போனவர், கினியின் ஜெலி குடும்பத்தைச் சேர்ந்த பாடகி நியாமா காந்தேயை மணந்து, அந்தக் கல்யாணத்தையே ஆய்வுப் பொருளாக்கி 2015-இல் புத்தகம் எழுதினார். நியாமா காந்தே ஜப்பானில் பாடுகிறார், ஆடுகிறார். ஜப்பானிய மேற்கு ஆப்பிரிக்க இசை வட்டத்தில் பாதி உறவுகள் இப்படிக் குடும்பங்களாகவே இருக்கின்றன.

மரபை அப்படியே வாசிக்க நினைக்காதவர்களும் உண்டு. 'அஜாதே' என்று ஒரு டோக்கியோ குழு. நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் இசையையும் ஜப்பானியத் திருவிழா மேளத்தையும் சேர்த்து, தாங்களே செய்த மூங்கில் கருவிகளில் வாசிக்கிறார்கள், பாடுவது ஜப்பானியத்தில். ஜெம்பே ஆசான்களைக் குருவாகக் கொண்டவர்கள் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. எனக்குப் பிடிக்கும்.

இதுவரை சொன்னவற்றில் ஆண்டும் பெயரும் உள்ளவை உறுதியானவை. இனி வருவது சந்தேகத்துக்குரியவை. 'ஜெம்பே என்ற சொல்லுக்கு எல்லாரும் அமைதியாகக் கூடுங்கள் என்று பொருள்' என்பதை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அழகான விளக்கம், உறுதியான சொல்லாராய்ச்சி அல்ல. 'ஆப்பிரிக்கர்கள் மறந்ததை ஜப்பானியர் காப்பாற்றுகிறார்கள்' என்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. கொனாக்ரியில் பத்து வயதுப் பையன் தகர டப்பாவில் அடிப்பதைக் கேட்ட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஆட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஜப்பானில் 1990களின் பாடம் உறைந்து நிற்கிறது. உறைந்து நிற்பதைக் காப்பாற்றுவது என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

'திருட்டு' என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே, இது பண்பாட்டுத் திருட்டு இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் அதற்கு ஓரளவு பதில் கிடைக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மழையில்லாத மாதங்களில், கொனாக்ரியில் ஆசான்களின் வீட்டு முற்றங்களே பள்ளிகள். வெளிநாட்டு மாணவர் கட்டும் பணத்தில்தான் அந்த முற்றத்தில் சோறு பொங்குகிறது, துணை மேளக்காரர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். கொண்டாட்டத்தில் நீங்கள் ஆடினால் உங்கள் பெயரைப் பாடுவார்கள், நீங்கள் நோட்டை எடுத்து நீட்ட வேண்டும். என் ஜப்பானியத் தோழர்கள் முதல் வாரம் இதற்குக் கூசினார்கள், நம் ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பணம் குத்துவதைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கூச்சமில்லை. 2014-இல் எபோலா வந்தபோது மாணவர்கள் வரத்து நின்றது. 2020-இல் கொரோனாவால் மறுபடியும் நின்றது. முதல் முறை எங்கள் வகுப்பில் உண்டியல் வைத்து ஆசிரியர் வீட்டுக்கு அரிசிக்குப் பணம் அனுப்பினோம். இன்னொரு பக்கமும் உண்டு: ஜப்பானில் இரண்டு வருடம் கற்றவர் ஆசிரியராகிவிடுகிறார், கினியிலிருந்து வந்த கலைஞர் பகலில் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார். அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வகுப்பில் ஜப்பானிய ஆசிரியை ஒரு விதி வைத்திருந்தார்: கொனாக்ரி ஆசான் டோக்கியோவில் இருக்கும் மாதங்களில் தான் கற்பிக்க மாட்டார், மாணவர்களோடு சேர்ந்து கீழே உட்கார்ந்து துணை மேளம் அடிப்பார்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அது அவர்களுடையது ஆகுமா? தாளக்கட்டு ஆகும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தப் பாட்டி இரண்டு சுற்று ஆடியது எனக்குப் போதுமான சான்று. எந்த நாளில், யார் வீட்டில், எதற்காக அடிக்க வேண்டும் என்ற உரிமை ஆகாது. அதை அவர்களில் நல்லவர்கள் கேட்பதும் இல்லை. இயோஜிமாக்காரர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். கினியில் அடிக்கப்படும் சந்தர்ப்பம் எதுவும் அவர்களிடம் இல்லை, ஆகவே தங்களிடம் இருக்கும் சந்தர்ப்பத்துக்கு அடிக்கிறார்கள்: கப்பல் வருகிறது, கப்பல் போகிறது.

வழியனுப்பும் அடியைத்தான் நீங்கள் கேட்க வேண்டும், வீடியோவில் அது பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: ககோஷிமாவிலிருந்து கப்பல் தினமும் கிடையாது, புயல் வந்தால் அறிவிப்போடு நிறுத்திவிடுவார்கள், தீவில் தங்கும் விடுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் போனபோது காற்றடித்துத் திரும்பும் கப்பல் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மாலையில் பள்ளிக் கூடத்தில் என்னையும் ஒரு சங்பானுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் கப்பல் கிளம்பியபோது கரையில் அடித்துக்கொண்டிருந்தவர்களில், முந்தின நாள் என் தவறைத் திருத்திய நான்காம் வகுப்புச் சிறுமி, தட்டைத் தவறவிடாமல், எனக்குக் கையசைக்கவும் இடம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.